குருவி விரட்டிய கேசட்

எங்கள் லைனில் வீட்டுக்கு வீடு சுவர் உண்டு என்பது பேச்சுக்குத்தான். பக்கத்து வீட்டில் பருப்புக்கு எத்தனை விசில் விடுகிறார்கள் என்பது இந்த வீட்டில் தெரியும். என்னைப் பார்த்து, சுலோச்சனா காதுக்குப் பூட்டே கிடையாது என்று லோகு கடையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். காது இருக்கிறது, விழுகிறது. விழுந்ததை நாலு பேருக்குச் சொல்வதும் ஒரு ஒத்தாசைதான். மத்தியானமே மூடிக்கொள்ளும் இந்த அருவங்காட்டுப் பனிமூட்டத்தில், யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பிறகு எப்படித்தான் தெரியும்?

பக்கத்து வீட்டுச் சபாபதி அண்ணன் செத்துப்போன விஷயமாக அவர் மகள் மோனிகாவைத் திரும்பத் திரும்ப ஸ்டேஷனுக்குக் கூப்பிடுகிறீர்கள். டாக்டர் கரியடுப்புதான் காரணம் என்கிறார். அடுப்பை மூட்டி அப்பா அறையில் வைத்தவள் மகள். ஆனால் சுவரின் மேலே இருக்கும் காற்றுச் சந்து திறந்தே இருந்தது. அப்புறம் எப்படி மூச்சு முட்டும், அவள்தான் அடைத்துவிட்டுத் திறந்தாளோ என்பது உங்கள் சந்தேகம். சின்ன வயதாக இருந்தாலும் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டரம்மா. அந்தப் பெண்ணை விட்டுவிடலாம். அதைச் சொல்லத்தான் உங்களை வரச்சொன்னேன். டீ ஆறுகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள்.

எண்பதுகளில் இங்கே ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. எஸ்டேட் மாரியம்மன் பண்டிகை, கல்யாணம், ஃபேக்டரி ஆயுத பூஜை, எல்லாவற்றுக்கும் அவர்கள்தான். சபாபதி அண்ணன் ஆர்மோனியம், என் வீட்டுக்காரர் ராஜரத்தினம் புல்லாங்குழல். பகலில் இருவரும் ஃபேக்டரியில் ஃபிட்டர்கள். அப்போதுதான் அந்த ஜப்பான் பெட்டி வந்தது. சிந்தசைசர் என்றால் அதுவரை சென்னையில் சினிமா ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருப்பது. விலை இறங்கிய சின்ன மாடல் ஒன்று வந்ததும், ஒரு ஃபிட்டரே போனஸைப் போட்டு வாங்கலாம் என்றாகிவிட்டது. சிங்கப்பூர் போய்வந்த ஒருவரைப் பிடித்து அண்ணன் வாங்கிவிட்டார். பச்சைக் குழந்தை மாதிரி கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தார். லைனே போய்ப் பார்த்தது. ஒரு பட்டனுக்கு வயலின், இன்னொன்றுக்குக் கோயில் மணி. குழல் மட்டும் சரியாக வரவில்லை. தகரக் குழாயில் ஊதியது மாதிரி இருந்தது.

அதனால் என் வீட்டுக்காரரை எதிரே உட்காரவைத்து ஊதச் சொன்னார். இவர் ஊத ஊத, அவர் பட்டனை அழுத்தி எண்களை மாற்றி மாற்றி, ஒரு மழைக்காலம் முழுக்க அதே வேலை. சத்தம் தொடங்குமுன் 'ஃபூ' என்று கசியும் மூச்சைக்கூட விட்டுவைக்கவில்லை. இருவருக்கும் வரக்காப்பி போட்டுக் கொடுத்தவள் நான். கடைசியில் பெட்டிக்குள் குழல் வந்துவிட்டது. அடுத்த பண்டிகைக்குக் குழல்காரர் தேவைப்படவில்லை. வயலின்காரரையும் மணிக்காரரையும்கூடப் பெட்டி தின்றதுதான். ஆனால் எதிரே உட்கார்ந்து அதற்குத் தன்னையே ஊட்டிவிட்டவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

அப்புறம் ஒரு நாள் அண்ணன் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "உங்க கொழலு இதுல பத்திரமா இருக்குதுங்க" என்றார். டேப்பில் போட்டோம். அதில் குழல் இல்லை. தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு கீச்சு, முடிகிற வரைக்கும். என் வீட்டுக்காரர் எழுந்திருக்காமல் முழுக்கக் கேட்டார். அதற்குப் பிறகு குழலைத் தொடவே இல்லை. நான் நாடாவை உருவிக் கொண்டுபோய், கேத்தியில் என் தங்கை தோட்டத்துப் பட்டாணிப் பாத்திக்கு மேலே குருவி விரட்டக் கட்டிவிட்டேன். காற்றில் நன்றாகவே முனகியது.

என் வீட்டுக்காரர் தவறிப்போய்ச் சில வருஷமாகிறது. போன மழைக்காலத்தில் சபாபதி அண்ணன் அந்தப் பெட்டியைத் தூசி தட்டி எடுத்தார். இந்த முறை காதில் ஹெட்ஃபோன். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கிடைத்தது கட்டைகளின் டக் டக் மட்டும். பாட்டு எல்லாம் அவருக்கு, பல்லைக் கடிக்கிற மாதிரி அந்தச் சத்தம் எனக்கு. மோனிகாவிடம் கேட்டேன். ஏதோ பழைய சத்தம் செய்கிறார் என்றாள். லோகு கடையில் விசாரித்தேன். கோயம்புத்தூரில் பழைய பெட்டிச் சத்தங்களை விலைக்கு வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்களாம். எனக்கு விளங்கிவிட்டது. அண்ணன் என் வீட்டுக்காரரின் மூச்சை விற்கிறார். அதையும் என் காதில் விழாமல் விற்கிறார்.

பெட்டிக்கு ஈரம் ஆகாது. பனிக்காலம் வந்ததும் ஜன்னல் இடுக்கெல்லாம் துணி அடைத்துவிடுவார். மத்தியானம் மோனிகா கனன்ற கரியைச் சட்டியில் எடுத்து உள்ளே வைத்து, மேலே சந்து திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தையல் கடைக்குக் கிளம்புவாள். அப்படிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். போன வருஷம் நடுவட்டம் பக்கம் கரியடுப்போடு கதவைச் சாத்திப் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. அந்தக் கதையை வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அண்ணன் அறைச் சந்து என் பின்கட்டில்தான் திறக்கிறது.

அன்றைக்கு மோனிகா கிளம்பிய பிறகு அண்ணன் என் வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, ராஜரத்தினத்துக்கு ஒரு கேசட் குடுத்தனே, அது இருக்குதுங்களா?"

இத்தனை வருஷம் கழித்து வந்து அதைக் கேட்கிறார்.

"அது அப்பவே குருவி வெரட்டப் போயிருச்சுங்க" என்றேன்.

சிரித்தார். "குருவியாச்சும் ஓடுச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். டக் டக் தொடங்கியது.

நான் உருளைக்கிழங்குச் சாக்கைக் காலி செய்து மடித்து, ஸ்டூல் போட்டு ஏறிச் சந்தில் செருகினேன். புகை தட்டினால் கதவைத் திறப்பார், அப்போது எட்டிப் பார்த்துவிடலாம் என்றுதான். நன்றாகக் கனன்ற கரியில் புகை வராது என்பதும் தெரியும். அதையும் லைன் முழுக்கச் சொன்னவள் நான்தானே.

ஸ்டூலிலேயே உட்கார்ந்து கேட்டேன். முதலில் சீராக இருந்தது. பிறகு விட்டு விட்டு வந்தது. ஒரே கட்டையையே திரும்பத் திரும்ப அழுத்தினார். ஒரு தடவை நாற்காலி நகர்ந்தது. சாக்கை எடுக்கலாம் என்று எழுந்தேன், பால்காரர் கூப்பிட்டார். பாலை வாங்கிக் காய்ச்சினேன், பொங்கவிடவில்லை. திரும்பி வந்தபோது சத்தம் இல்லை. அதையும் கொஞ்ச நேரம் கேட்டேன். மோனிகா வருவதற்குள் சாக்கை எடுத்து, கிழங்கை அதிலேயே கொட்டி வைத்தேன். அவள் அலறியதும் முதலில் ஓடியது நான்தான். "பாவம், பெத்த மவளே கரி போட்டு வெச்சிருக்கறா" என்று மட்டும்தான் லைனில் சொன்னேன். மீதியை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

காரியம் முடிந்து மோனிகா வந்தாள். கேசட் எங்காவது கிடக்குமா என்று அவளும் கேட்டாள். பெட்டிக்குள் இருந்த பேட்டரி நடுவில் எப்போதோ செத்து, அப்போது சேர்த்து வைத்த சத்தமெல்லாம் அழிந்துவிட்டதாம். அந்தக் காலத்தில் அந்த எண்களைக் கேசட்டில்தான் பதிந்து வைப்பார்களாம். டேப்பில் போட்டால் வெறும் கீச்சு. பெட்டியோடு ஒயர் மாட்டி ஓடவிட்டால் குழல். இருந்ததே ஒரு பிரதி. அதைக் குழலுக்குச் சொந்தக்காரரிடம் கொடுத்திருக்கிறார். இப்போது நினைவை வைத்து மறுபடி செய்து பார்த்தும் அந்த மூச்சு வராமல்தான், அன்றைக்கு என் வாசலில் வந்து நின்றிருக்கிறார்.

"மாமாவோட நெனவு நாளுக்கு உங்களுக்குப் போட்டுக் காட்டோணும்னு இருந்தாருங்க அத்தை. அரைகொறையா உங்க காதுல உழுந்தா மனசு கஷ்டப்படும்னுதான் அந்த ஹெட்போனு."

என்னைக் கூட்டிப்போய், ஹெட்ஃபோன் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஒரு கட்டையை அழுத்தினாள். அண்ணன் கடைசியாகச் செய்து வைத்திருந்த 'ஃபூ' வந்தது. கொஞ்சம் நீளம். என் வீட்டுக்காரர் அத்தனை இழுக்கமாட்டார். அதைச் சொன்னேன். அழுதுகொண்டே குறைத்தாள். இப்போது சரியாக இருக்கிறது.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். கரி வைத்தது மோனிகா, காற்றுச் சந்தை அடைத்தது நான், என்ன ஆகும் என்று தெரிந்துதான் அடைத்தேன். சாக்கு பின்கட்டில் இருக்கிறது, கிழங்கைக் கொட்டிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். லைனில் தப்பான சேதி ஓடுகிறது. என் வாயிலிருந்து கிளம்பிய சேதி தப்பு என்று நாளைக்கு ஒருத்தர் சொல்லிவிடக் கூடாது, அதனால்தான் கூப்பிட்டேன். மற்றபடி எனக்கு அவர்மேல் ஒரு வருத்தமும் இருந்ததில்லை. அந்த ஹெட்ஃபோனை ஒரு நாள் கழற்றி வைத்திருந்தால், சபாபதி அண்ணன் இன்றைக்கும் நன்றாகத்தான் இருந்திருப்பார்.