இரைச்சல் இல்லாத பதிவு

வண்டி ஓட்டும்போது நான் பாட்டுக் கேட்பதில்லை. எஞ்சின் சத்தம் பாட்டைத் தின்றுவிடும். வீட்டில் கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, பிரிட்ஜையும் நிறுத்திவிட்டுத்தான் இசைத்தட்டைப் போடுவேன். என் மனைவி டோலோரிஸ் உயிரோடு இருந்தவரை, "பால் திரிஞ்சு போச்சுன்னா உன் பாட்டுக்காரிங்ககிட்டயே போய் வாங்கிக்கோ" என்பாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

அந்த வியாழக்கிழமை ஒவெல்லா ஸ்டாம்பரின் வீட்டுக்கு ஏன் போனேன் என்று கேட்டீர்கள். அதற்கு முன் எங்கள் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நாங்கள் பதினோரு பேர். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் தேவாலயத்தின் கீழ்த்தள அறையில் கூடுவோம். யாராவது பீன்ஸ் சமைத்துக் கொண்டுவருவார்கள், யாராவது சோள ரொட்டி. அந்த மாதம் கிடைத்த பழைய கன்ட்ரி, அதாவது நாட்டுப்புற இசைத்தட்டுகளைப் போட்டுக் கேட்போம். இப்போது ரேடியோவில் வருவதை நாங்கள் கன்ட்ரி என்று ஒப்புக்கொள்வதில்லை. எங்களுக்கு வேண்டியது இந்த மலைப்பக்கத்து ஆட்கள், ஆலை வேலை முடித்துக் கைகழுவிவிட்டு வந்து, ஒரு பிடிலையும் ஒரு கிட்டாரையும் வைத்துக்கொண்டு பாடிய பாட்டு. நூறு தட்டு அச்சடித்திருப்பார்கள். அதில் எழுபது உடைந்திருக்கும்.

மிச்சத்தைத் தேடிப்பிடிப்பதற்கு ஒரு வழி உண்டு. செய்தித்தாளில் முதலில் மரண அறிவிப்புகளைப் படிக்க வேண்டும். எண்பது வயதுக்கு மேல், மலைப்பக்கத்து ஆள் என்றால் விலாசத்தைக் குறித்துக்கொள்வேன். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஒரு கேக்கோடு போவேன். அதற்கு முன்னால் போனால் அழுதுகொண்டிருப்பார்கள். அதற்குப் பின்னால் போனால் பிள்ளைகள் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டியிருப்பார்கள். மூன்றாம் நாள்தான் சரி. கேக்கை வாங்கிக்கொண்டு ஒருவரும் என்னை வாசலில் நிற்கவைத்ததில்லை.

ஒவெல்லா 1961-இல் இரண்டு சின்னத் தட்டுகள் பாடி வெளியிட்டாள். நாலு பாட்டு. பிறகு கல்யாணம், நாற்காலித் தொழிற்சாலையில் முப்பது வருட வேலை. அந்த நாலு பாட்டும் எங்களிடம் இருந்தன. ஐந்தாவது ஒன்று இருந்தது. காலியான கொடிக்கயிறு என்று பெயர். தட்டாக வரவில்லை. ஒரே ஒரு நாள் காலையில் உள்ளூர் வானொலியில் பாடியிருக்கிறாள். எங்கள் கூட்டத்தில் அதைக் கேட்டவன் எம்மெட் ரேபி ஒருவன்தான். தீவன ஆலைக்கு வெளியே அப்பாவின் லாரியில் உட்கார்ந்து கேட்டதாகச் சொல்வான். துணி காயப்போடும் தாயின் பாட்டு. முதலில் குழந்தைத் துணி, அப்புறம் பள்ளிச் சட்டை, அப்புறம் பட்டாளத்து உடுப்பு, அப்புறம் வெறும் கயிறு. மெட்டை முணுமுணுத்துக் காட்டுவான். வருடத்துக்கு வருடம் அது மாறிக்கொண்டே வந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மனிதனின் தலைக்குள் மட்டும் இருக்கும் பாட்டு அழுகிப்போகும்.

இந்த வருடம் மார்ச் மாதம் இரண்டு விஷயங்கள் நடந்தன. எம்மெட்டுக்குக் கணையத்தில் புற்று என்று சொன்னார்கள். என் காது டாக்டர், உயர்ந்த சுரங்கள் எனக்குப் போய்விட்டன, மற்றவையும் இரண்டு வருடத்தில் போய்விடும் என்றார். அவர் அதைச் சத்தமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து, இருக்கும் தட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டேன். பிடிலின் மேல்தந்தி எதிலும் கேட்கவில்லை. நான்கு நாள் படுக்கையை விட்டு எழவில்லை.

ஏப்ரலில் ஒருத்தி பழைய கிட்டார் விற்பதாக விளம்பரம் கொடுத்திருந்தாள். பெயர் ட்வைலா ஸ்டாம்பர். போய்ப் பார்த்தேன். அவளுடைய வீட்டுக்குப் பின்னால், இழுத்துவந்து நிறுத்திய ஒரு டிரெய்லர் வீடு. அதில் அவள் அத்தை, மூக்கில் குழாயோடு உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபது வருடம் இசைத்தட்டின் கிழிந்த அட்டையில் பார்த்த முகம்.

"என்கிட்ட பல்லு இருந்தப்ப வந்திருக்கலாம்ல?" என்றாள். "இவ்வளவு நாள் எங்க போயிருந்த?"

"தேடிக்கிட்டிருந்தேன், மிஸ் ஒவெல்லா."

"நான் ஓடி ஒளியலியே. தொழிற்சாலையில முப்பது வருசம் ஒரே நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன்."

மரத்தூள் அவள் நுரையீரலைத் தின்றிருந்தது. பக்கத்தில் சின்ன பீரோ அளவுக்கு ஓர் ஆக்சிஜன் இயந்திரம். ஓயாமல் உறுமும். நாலு நொடிக்கு ஒருமுறை பெருமூச்சு விடும். கொடிக்கயிறு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். முதல் வரியை அப்படியே பாடினாள். குரல் கிழிந்திருந்தது. ஆனால் கிழிந்த இடத்தில்தான் அந்தப் பாட்டு இருந்தது. எம்மெட் முணுமுணுத்தது முழுக்கத் தப்பு.

அடுத்த தடவை ஒலிப்பதிவுக் கருவியோடு போனேன். பதிவானது பாட்டு இல்லை, உறுமல். நீளக் குழாய் வாங்கிக்கொடுத்து இயந்திரத்தைப் படுக்கையறையில் வைத்துப் பார்த்தேன். டிரெய்லர் வீட்டுத் தரை பலகைதானே, அதிர்வு அப்படியே வந்தது. மேலே போர்வை போட்டேன், சூடாகிக் கூவத் தொடங்கியது. கூட்டத்தில் அந்தப் பதிவைப் போட்டபோது மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குக் கேட்டது இயந்திரம் மட்டுந்தான். மிச்சமிருக்கும் என் காதுக்குத் தாழ்ந்த சத்தங்கள்தான் நன்றாகக் கேட்கும். அந்த உறுமலை எம்மெட்டுக்குப் போட்டுக்காட்ட எனக்கு மனம் வரவில்லை.

யோசனையைச் சொன்னவள் ஒவெல்லாவே. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

"குளிக்கிறப்ப கழட்டி வெக்கிறேன், செத்தா போயிட்டேன்?" என்றாள். "நர்சு பத்து நிமிஷம் தாங்கும்னு சொல்லியிருக்கா. பாட்டு நாலு நிமிஷம். ட்வைலாகிட்ட மட்டும் சொல்லிடாத கண்ணு, தோலை உரிச்சிடுவா."

அப்போதே ஒத்துக்கொள்ளவில்லை நான். பார்க்கலாம் என்றேன். எம்மெட்டைப் பற்றிச் சொன்னேன். சாவதற்கு முன் அந்தப் பாட்டை இன்னொரு முறை கேட்கத்தான் அவன் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்றேன். அது உண்மை. நான் போகும்போதெல்லாம் கட்டிலிலிருந்து, "கெடைச்சுதாடா வெர்ஜில்?" என்பான். அதைக் கேட்டு அவள் கண் கலங்கினாள். "ஒரே ஒரு ரசிகன். அவனும் போற வழியில நிக்கிறான்" என்றாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ட்வைலா கடை வேலைக்குப் போயிருந்தாள். நான் கறுப்புக் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு போனேன்.

"என்ன வெர்ஜில், பொண்ணு பாக்க வந்தியா? லேட்டு. எனக்கு எண்பத்திரண்டாகுது."

"பதிவுன்னா சும்மாவா, மிஸ் ஒவெல்லா?"

"உன் சிநேகிதன் எப்படி இருக்கான்?"

"காத்துக்கிட்டிருக்கான்" என்றேன்.

இயந்திரத்தை அணைத்துப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அணைத்த பிறகும் அது சூடு ஆறும்போது டிக் டிக் என்னும், அதனால். அவள் நாற்காலியிலிருந்து அந்தக் கதவு ஏழெட்டு அடி. ஆக்சிஜன் இல்லாமல் அவளால் ஏழெட்டு அடி நடக்க முடியாது. இது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும்.

முதல் தடவை இரண்டாம் சரணத்தை மறந்துவிட்டாள். இரண்டாவது தடவை பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மூன்றாவதில் இருமினாள். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் நான் போய் இயந்திரத்தைக் கொண்டுவந்திருக்கலாம். கொண்டுவந்தால் அவளுக்குத் தூக்கம் வரும், மூக்கு வறண்டு குரல் கட்டும், அன்றைக்கு அவ்வளவுதான். முன்பே பார்த்திருக்கிறேன். நான்காவதுக்குப் பிறகு, "நாளைக்கு வெச்சுக்கலாம் கண்ணு, நெஞ்சை அடைக்குது" என்றாள்.

"எம்மெட்டுக்கு நாளைக்குங்கறது இல்ல, மிஸ் ஒவெல்லா."

அவள் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். உதடு ஊதா நிறமாகியிருந்தது. "சரி, அந்த மனுஷனுக்காக" என்றாள்.

எம்மெட் செவ்வாய்க்கிழமை காலையிலேயே இறந்துவிட்டான். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அடக்கம். பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நான் ஒருவன். கல்லறையிலிருந்து நேராக அவள் வீட்டுக்குத்தான் வந்தேன், கோட்டை மாற்ற நேரமில்லை. நான் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. எம்மெட்டுக்கு நாளை என்பது இல்லை என்றுதானே சொன்னேன்.

குழிக்குள் மண் விழும்போது நான் அவனுக்காக அழவில்லை. அந்தப் பாட்டை அந்த நாளிலிருந்தே அறிந்தவர்களில் இனி ஒருத்திதான் பாக்கி, அவளும் மூக்கில் குழாயோடு இருக்கிறாள், எனக்கோ காது போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். மூச்சு முட்டியது. அப்படி ஒரு தவிப்பு உங்களுக்கு வந்திருக்காது. டோலோரிஸ் போனபோதுகூட எனக்கு வந்ததில்லை.

ஆறாவது தடவை பாதியில் நின்றது. ஏழாவது தடவை முழுக்கப் பாடினாள். முடிந்ததும் பதினோரு நொடி நான் அசையவில்லை. கடைசிச் சுரம் அறைக்குள் ஆறி அடங்குவதும் பதிவில் வர வேண்டும், பாதியில் வெட்டுபவன் பதிவாளனே இல்லை. பிறகு கருவியை நிறுத்தினேன். இயந்திரத்தைக் கொண்டுவந்து போட்டேன். குழாயை அவள் மூக்கில் வைத்தேன். நாடி பார்த்தேன், இல்லை. தண்ணீர் டம்ளரைக் கழுவிவைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் ட்வைலா வந்து பார்த்தபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை நிம்மதியாகப் போய்விட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னாள். மூன்றாம் நாள் கேக்கோடு போய் நானும் துக்கம் விசாரித்தேன். அத்தை பாடிய பழைய பாட்டு ஒன்றின் பதிவு கிடைத்திருக்கிறது, அடுத்த சனிக்கிழமை போடுகிறோம், வந்து கேளுங்கள் என்று நான்தான் அழைத்தேன். ஆமாம், நானே. அதை அவள் கேட்காமல் போவது என்ன நியாயம்?

வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது எழுந்து, "இது எப்ப எடுத்தது?" என்றாள்.

"இந்த வசந்தத்துலதான்."

"அத்தைக்கு அந்த மிஷின் வந்து ஆறு வருசமாச்சு. அதோட சத்தம் எங்க?"

எங்கள் ஆட்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "அதான்மா இவரோட கைத்திறமை" என்றார். அவள் மறுபடியும் என்னிடமே கேட்டாள். "மிஸ்டர் ஹாட்லி, சத்தம் எங்க?" அதற்குப் பிறகுதான் போலீஸ் நிலையத்துக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள்.

பதிவைக் கேட்டு நீங்கள் தட்டச்சு செய்து கொண்டுவந்த அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. இரண்டாம் சரணத்திலிருந்து அவள் மோதிரத்தால் நாற்காலிக் கையில் தட்டுவது கேட்கிறது, தாளம் போடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் கூட்டத்தாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், பழைய ஆட்கள் பழைய ஆட்கள்தான் என்று. நானும் ஆமாம் என்றேன். அந்தப் பாட்டு ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று என்று போவது. அவள் தட்டியது எந்தக் கணக்கிலும் சேராது. படுக்கையறைக் கதவைப் பார்த்துக்கொண்டே தட்டினாள். நான் ஒரு விரலை உயர்த்திக் காட்டினேன், இன்னும் ஒரு சரணம் என்று. பாடி முடித்தால்தான் நான் எழுந்து அந்தக் கதவைத் திறப்பேன் என்பது அப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்தில் அது தெரிந்தது.

அதனால்தான் கடைசிச் சரணம் அவ்வளவு வேகமாகப் போகிறது. நிறுத்தி நிதானமாகப் பாட வேண்டிய இடம் அது. அந்த ஒன்றைத் தவிர, பதிவில் குறை சொல்ல எதுவும் இல்லை.