மஞ்சள் பல்லோடு மாலை விருந்துக்குப் போன மருத்துவருக்கு

கடலோரக் குழந்தைகளின் கடைவாய்ப் பற்களுக்குக் காவல் நின்ற கருணையாளரே! வலியென்று வந்தவரை வசைபாடியே வாய் திறக்கவைத்த வல்லவரே! டோல்கேட் தொழிலாளர் மருந்தகத்துப் பல் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் நின்ற காலோடு பணிபுரிந்து, இன்று விடைபெறும் எங்கள் டாக்டர் செல்வநாதன் அவர்களே! வணக்கம்.

தாங்கள் வந்த நாளில் இங்கிருந்தவை ஒரு நாற்காலி, ஒரு குறடு, ஒரு வாளி. பல் வைத்தியம் என்றால் பிடுங்குவதுதான் என்று இப்பகுதி நம்பிய காலம் அது. அமிலத் தொட்டியருகே வேலை பார்த்து முன்பற்கள் கரைந்து கூசிய ஆலைத் தொழிலாளரும், கன்னம் வீங்கிய குழந்தைகளும் வரிசையில் நிற்பார்கள். பிடுங்கிய பல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "இது போகவேண்டிய பல்லே இல்லைய்யா" என்று தாங்கள் வருந்தியதை எப்படி மறப்போம்!

1966இல் துறைமுகத்துக்கு வந்த ஜெர்மன் கப்பலொன்றின் மருத்துவர், தம் பல்வலியைத் தீர்த்த தங்களுக்கு நன்றியாகத் தந்தாரே ஆறு குழாய்கள், பல்லில் பூசும் ஃப்ளோரைடு வார்னிஷ்! பல்லை ஒற்றி உலர்த்தித் தூரிகையால் பூசினால் எனாமல் உறுதிப்படும். சொத்தை எளிதில் அண்டாது. ஆனால் மறுநாள் காலைவரை தேய்க்கக் கூடாது. அதுவரை பல் மஞ்சளாகத்தான் தெரியும்.

நெட்டுக்குப்பத்துப் பள்ளியில் நாற்பது குழந்தைகளுக்குப் பூசினோம். அங்கேதான் எங்கள் திருவிளையாடல். தாய்மார்களிடம் நேரில் சொல்லாமல், "பூச்சுப் பெற்ற பற்களை விடியும்வரை துலக்காதிருத்தல் நலம்" என்று செந்தமிழில் சீட்டெழுதி அனுப்பினோம். எழுதிய பெருமகன், இம்மடலை எழுதும் இதே கம்பவுண்டர் அம்புரோஸ்தான்! மஞ்சள் பல்லைக் கண்டு பதறிய தாய்மார்கள் அன்று மாலையே உமிக்கரியால் தேய்த்துத் தள்ளிவிட்டார்கள். நான்கு குழாய் மருந்தும் வாசலில் துப்பப்பட்டது.

மறுமுறை போனபோது மீன் விற்கும் கெங்கம்மா வழிமறித்தார். "பல்லு இன்னா நாற்காலியா, வார்னிசு அடிக்க? சீட்டு குட்த்து அனுப்பனியே, இங்க எவளுக்குப் படிக்கத் தெரியும்?" அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. கடைவாய்ப் பல் சொத்தையாகி மூத்த மகன் காய்ச்சலில் பட்ட பாட்டைப் பார்த்தவர். ஆறு வயது இளைய மகளுக்கு அப்போதுதான் கடைவாய்ப் பல் முளைத்திருந்தது. அந்தப் பல்லும் போய்விடுமோ என்று எங்களுக்கெல்லாம் பயம்.

தாங்கள் அம்புரோசை ஒரு சொல் சொல்லவில்லை. "தப்பு என்னுதும்மா" என்று கவிழ்த்த படகின்மேல் அமர்ந்து, தூரிகையைக் கெங்கம்மா கையில் கொடுத்தீர்கள். "படகுக்கு எண்ணெய் பூசறப்போ கட்டைய காயவெச்சிதானே பூசறீங்க? அதே மாதிரி என் பல்லுக்குப் பூசு. நாளைக்கு காலைல உன் முன்னாடியே தேய்க்கறேன்."

அன்று மாலை இராயபுரத்தில் தங்கள் மகளுக்கு நிச்சயதார்த்த விருந்து! "ஒரு தபா தேய்ச்சிட்டு வாங்களேன், சம்பந்தி ஊட்டுக்காரங்க இன்னா நெனைப்பாங்க?" என்று தங்கள் துணைவியார் அடைக்கலமேரி அம்மையார் மன்றாடினார். "நெட்டுக்குப்பத்துக்கு வாக்கு குடுத்துகீறேன்" என்று சொல்லிவிட்டு மஞ்சள் பல்லோடு விருந்தினரை வரவேற்றீர்கள். அன்றெடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் அப்பற்கள் கறுத்துத் தெரிய, சம்பந்தியார் புகையிலைப் பழக்கமோ என்று தனியே விசாரித்ததை நாங்கள் அறிவோம்.

விடிந்ததும் குப்பத்துப் பெண்கள் சூழ நிற்கப் பல் தேய்த்தீர்கள். வெள்ளை வெளேரென்று சிரித்தீர்கள். "இன்னா டாக்டரே, நீ பொய் சொல்லல!" என்று கெங்கம்மா தம் மகளை முதல் ஆளாக முன்னே தள்ளினார். மிச்சமிருந்த இரண்டு குழாயும் அன்று சரியான இடம் சேர்ந்தன. அதன்பின் கப்பல் கப்பலாகக் கேட்டு வாங்கி, நான்கு மாதத்துக்கொருமுறை பூசி வந்தீர்கள். அந்த வார்னிஷின் பிசின் வாசனை இனி இப்பிரிவில் எழும்போதெல்லாம் தங்கள் அதட்டல் கேட்காதே என்றெண்ணி எங்கள் நெஞ்சு கனக்கிறது.

தாங்களும் அம்மையாரும் நோயணுகாது, நூறு வயதிலும் சொந்தப் பல்லால் முறுக்குக் கடித்து மகிழ்க!

கடைசியாக ஒன்று. எழுதியவன் அம்புரோஸ், மேடையேறி வாசிப்பவரோ மூன்று மாதத்துக்குமுன் நம் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்த மலர்க்கொடி, கெங்கம்மாவின் அதே இளைய மகள். வாசித்து முடித்ததும் அவர் வாயைத் திறந்து காட்டுவார். ஐயா, எழுந்து வந்து வழக்கம்போல் எண்ணிப் பாருங்கள். ஞானப்பல் நான்கும் இன்னும் முளைக்கவில்லை, மற்ற இருபத்தெட்டும் இருக்கின்றன.

இங்ஙனம்,
தங்கள் குறட்டுக்கும் கோபத்துக்கும் பழகிப்போன
பல் பிரிவு ஊழியர்கள்
டோல்கேட், 30-6-1978