ரோஷினி பேரு ஒட்டுன டப்பா

...அம்பத்தூரு எஸ்டேட்டு கம்பெனியில அம்மாம் பொக வுடறானுங்க, அத்த கேக்க நாதி இல்ல. எம் மருமவ பொயல போடறாளாம். கேட்டியா கதைய? கொஞ்சம் நவுந்து குந்தும்மா. இன்னா, ஏழாம் மாசமா? எம் மருமவ ரோஷினிக்கும் அதேதான்.

ஆசுபத்திரியில இன்னாவோ ஆராய்ச்சியாம். மாசமா கீறவங்க மூத்திரத்துல அடையாளம் பாத்து, புள்ள கொறமாசத்துல பொறந்துடுமான்னு சொல்லுவாங்களாம். சரி, மண்ணூர்பேட்டையில குடி கீறோம், கம்பெனி பொக, குப்ப எரிக்கற பொக அல்லாத்தையும் புடிப்பாங்கன்னு பாத்தா... அந்த நர்சம்மா எம் புள்ள உதயகுமாரு எதிர்லயே சொல்றா, "உங்க ஒய்ஃபு நெறைய புகையில போடறாங்க, கொழந்தைக்கு ஆவாது"ன்னு.

அந்தப் பொண்ணுக்கு வெத்தல வாசனையே ஆவாது, கொமட்டும். இவன் போயி அவள கேட்டான். அழுதுகினே பொட்டிய கட்டி, அண்ணனூர்ல அம்மா ஊட்டுக்கு பூட்டா. இப்போ அங்க போயிட்டுதான் இந்த ரயில்ல வரேன். சம்பந்தியம்மா கதவத் தொறக்கல.

இன்னா பாக்கற, என் வாயவா? ஆமா, நான் போடுவேன். பொயல அடக்கலன்னா எனக்குப் பல்லு வலி வந்துடும். அதுக்கும் இதுக்கும் இன்னா சம்மந்தம்...

இரு, சொல்றேன். புள்ளத்தாச்சி மூத்திரத்த எவன் கையிலனா குடுத்து, அவன் எதுனா செய்வின வச்சிட்டான்னா? அதான், அவ குடுத்தத கொட்டிட்டு, நான் ரொப்பிக் குடுத்தேன். ஒண்ணுக்குல போயி பொயல தெரியும்னு எவ கண்டா?

எம் புள்ளகிட்ட சொல்லிடவா? சொன்னா அப்பறம் எம் மூஞ்சியில முழிப்பானா?

இன்னா கேட்ட? அப்போ ரோஷினிய யாரு டெஸ்ட் பண்ணாங்கன்னா?

...யாரும் பண்ணல. உள்ள கீறது எம் பேரப்புள்ளம்மா.

நாளைக்கு மறுபடியும் குடுக்கச் சொல்லிக்கீறாங்க. இதோ, பையிலதான் கீது டப்பா, புத்தம்புதுசு, அவ பேரு கூட ஒட்டிட்டாங்க. நீ பொயல போடமாட்ட இல்ல? ஏழாம் மாசம் வேற. டேசன்ல கக்கூசு கீது, நான் வெளிய நின்னுக்கறேன், யாரும் வரமாட்டாங்க...

எம்மா, எங்க எழுந்துக்கின? வில்லிவாக்கத்துல எறங்கணும்னியே. இது அம்பத்தூரும்மா. பாத்து எறங்கு, வண்டி இன்னும் நிக்கல.