கொலுவில் வைத்த துப்பாக்கி

ஆமாம், நீங்கள் காலையில் கிழக்கே பார்த்து வரும்போது அந்த மலை வளைவில் வெயில் நேராகக் கண்ணில்தான் அடிக்கும். எட்டரை மணிக்கு மேல் கிளம்பினால் அவ்வளவு தொந்தரவு இருக்காது. அந்தச் சாலை எனக்கு மனப்பாடம். லிவர்மோரிலிருந்து குபெர்டினோவுக்கு, ஐந்து வருடம் தினமும் ஓட்டியிருக்கிறேன். பக்கத்து இருக்கையில் ஜம்புநாதன் இருப்பான். என் பெயர் சுந்தரராமன் என்று அந்தக் காகிதத்தில் போட்டிருக்கும். அவன் சுந்து என்பான். அலுவலகத்தில் மற்றவர்களுக்கு நான் வெறும் 'சன்'.

எனக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனால் இதைத் தமிழில்தான் சொல்வேன் என்று அந்தப் போலீஸ் அதிகாரியிடம் கேட்டுக்கொண்டேன். அதனால்தான் மொழிபெயர்க்க உங்களை வரவழைத்திருக்கிறார்கள், ஜலஜா. நானாக வந்தேன், யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

துப்பாக்கியைக் கேட்டீர்கள். எண்பத்தாறில் நான் வாங்கிய வீட்டில், கராஜ் கூரையின் சட்டத்தில், எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிடந்தது. பழைய பம்ப் ஆக்ஷன் ஷாட்கன். குழலுக்குக் கீழே ஒரு மரப்பிடி இருக்கும். அதைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். துரு பிடித்து, கட்டையில் கீறல் விழுந்து, பார்க்கப் பாவமாக இருந்தது. அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் ஜம்பு வந்துவிடுவான். அவன் மனைவி ஷ்யாமளா சில சமயம் கூட வந்து, ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து எங்களைக் கேலி செய்வாள்.

"டேய் சுந்து, இந்தத் துருவைத் தேச்சுத் தேச்சு என்னடா பண்ணப் போறே? கட்டையை வெட்டிக் குட்டையாக்கு, கறுப்பு பெயின்ட் அடி. சும்மா ஜம்முனு மாடிஃபை பண்ணுடா. வாத்து ஷூட் பண்ணப் போலாம்."

"கேக்குல முட்டை இருக்கான்னு நாலு தடவை கேக்கறவர், வாத்தைச் சுட்டுட்டு வரப் போறாராம்," என்றாள் ஷ்யாமளா.

எனக்கு அதைப் பழையபடியே மீட்டெடுக்க ஆசை. மாற்றியமைப்பதென்றால் இரண்டு சனிக்கிழமையில் முடிந்துவிடும். மீட்டெடுப்பதை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். இதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை.

ட்ரேஸியில் ஒரு கிழவர் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிறார். கொண்டுபோய்க் காட்டினேன். அந்தக் காலத்து வடிவமைப்பு இது, விசையை அழுத்திக்கொண்டே பிடியை இழுத்துத் தள்ளினால் தானாகவே சுட்டுவிடும் என்றார். உள்ளே ஒரு பாகம் செய்து போட்டால் ஆபத்து இல்லை, ஆனால் அப்புறம் அது பழைய துப்பாக்கி இல்லை. இரண்டில் ஒன்றை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார்.

நான் பாகத்தைப் போடச் சொன்னேன். வியாழக்கிழமை கொண்டு வருவதாகவும் பேசி வைத்தேன். இது எனக்குச் சாதகமான விஷயம்.

புதன்கிழமை மாலை, வீடு திரும்பும் வழியில், ஃப்ரீவேயில் ஜம்பு சொன்னான்.

"உங்கிட்டதான்டா ஃபர்ஸ்ட் சொல்றேன். நியூ ஜெர்சில ஆஃபர் வந்துடுத்து. ஷ்யாமளாவோட அக்காவும் அங்கதான் இருக்கா. நவம்பர்ல மூவ் பண்றோம்."

"நல்லதுடா," என்றேன்.

"நீயும் அங்க அப்ளை பண்ணேன்."

"பாக்கலாம்."

மறுநாள் கிழவரிடம், எதையும் மாற்ற வேண்டாம், இருந்தபடியே இருக்கட்டும் என்றேன். அவர் இரண்டு முறை கேட்டார். பழைய பொருளுக்கு ஒரு மரியாதை உண்டு என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது.

செப்டம்பர் முழுவதும் உழைத்தேன். குழலில் முகம் தெரிந்தது. பிரிவுப் பரிசாக ஜம்புவிடம் கொடுத்தேன். அவன் கண் கலங்கிவிட்டது. கிழவர் சொன்னதை நான் அவனிடம் சொல்லவில்லை.

நவராத்திரி வந்தது. ஆயுத பூஜை அன்று அவர்கள் வீட்டுக் கொலுவுக்கு முன்னால் துப்பாக்கியையும் வைக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன்.

"கொலுவுல துப்பாக்கியா? செட்டியார் பொம்மை பயந்துக்கப் போறார்," என்றாள் ஷ்யாமளா.

"ஆயுத பூஜைக்கு ஆயுதம் வேண்டாமா? நம்மாத்துல இருக்கற ஆயுதம் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கால்குலேட்டரும்," என்றான் ஜம்பு.

கட்டையில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பக்கத்தில் அவளுடைய வீணை, அவனுடைய கால்குலேட்டர், சில புத்தகங்கள். அந்த அதிகாரிக்கு நீங்கள் இதை விளக்க வேண்டியிருக்கும். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரை தொடக் கூடாது. மறுநாள் காலை அவரவர் பொருளை எடுத்து ஒருமுறையாவது பயன்படுத்த வேண்டும். ஜம்பு இதிலெல்லாம் கண்டிப்பானவன். அன்று ஒரு கடிதம்கூடப் படிக்க மாட்டான். துப்பாக்கியை வைப்பதற்கு முன்பு திறந்து பார்த்தான், காலியாக இருந்தது. அதன் பிறகு இன்னொரு முறை பார்க்க அவனால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

அவர்கள் சமையலறையில் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் நான் மட்டும் இருந்தேன். சட்டைப் பையில் ஒரு தோட்டா இருந்தது. அரை நிமிடம் ஆகியிருக்கும். பூஜையில் வைத்ததைத் தொட்டது தவறுதான். அது இப்போதும் எனக்கு உறுத்துகிறது.

ஜம்பு எப்போதும் குழல்வாயைத் தரையைப் பார்த்துத்தான் பிடிப்பான். விசையில் விரல் வைக்காதே என்று பலமுறை சொல்லியிருக்கிறேன், கேட்டதில்லை. பாதத்தில் ஒரு காயம். ஆறு மாதம் நடக்க முடியாது. நியூ ஜெர்சிக்காரர்கள் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார்கள். நான் நினைத்தது இவ்வளவுதான். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

விஜயதசமி காலை நானும் அங்கே இருந்தேன். ஷ்யாமளா முதலில் வீணையை எடுத்து ஒரு வர்ணம் வாசித்தாள். முடித்துவிட்டு, "இப்போ நீங்க, ஹீரோ சார்," என்றாள். ஜம்பு சிரித்துக்கொண்டே துப்பாக்கியை எடுத்தான். சினிமாவில் வருகிற மாதிரி தோளுக்கு உயர்த்தி, அவள் பக்கம் திரும்பி, பிடியை இழுத்துத் தள்ளினான். அன்றைக்கு மட்டும் குழலைத் தூக்கிவிட்டான். வீணை அவள் மடியிலேயே இருந்தது. அதற்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். கிழவர் வந்து பழைய வடிவமைப்பைப் பற்றிச் சொன்னார். தோட்டா எப்படி வந்தது என்று கேட்டபோது ஜம்புவே, "நான் சரியாப் பாக்கலை," என்றான். அப்புறம் தினமும் அதையே சொன்னான். "சரியாப் பாக்கலைடா நான்." "விடுடா," என்பேன்.

நியூ ஜெர்சி வேலை போய்விட்டது. அவன் தனியாக இருக்கக் கூடாது என்று என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். ரசம் வைத்துக் கொடுத்தேன். தினமும் காரில் அழைத்துப் போனேன். வழியெல்லாம் பேசவே மாட்டான். ஆனாலும் பக்கத்து இருக்கையில் இருந்தான். அந்த ஐந்து மாதத்தைப் பற்றி நான் உள்ளபடி சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள்.

மார்ச்சில் ஹூஸ்டனிலிருந்து அவன் அண்ணா வந்து கூட்டிப் போய்விட்டார். ஃபோன் செய்தால் அவர்தான் எடுக்கிறார். "தூங்கறான் சுந்து, அப்புறமா பேசு," என்கிறார். நான்கு கடிதம் போட்டேன். பதில் இல்லை. கடைசிக் கடிதம் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. அதற்கு அடுத்த வாரம்தான் இங்கே வந்தேன்.

நீங்கள் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்ததும் அவனுக்கு ஒரு பிரதி போகும் என்று அதிகாரி சொன்னார். தோட்டாவைப் போட்டது நான் என்று எழுதுங்கள். ஷ்யாமளாவைக் கொன்றது நான், அவன் இல்லை என்றே எழுதுங்கள். தேதி, நேரம், எதையும் விட வேண்டாம். ஏன் செய்தேன் என்பதை மட்டும் எழுதாதீர்கள். அது தெரியாமல் அவனால் இருக்க முடியாது. என்னை விட்டால் அதை அவன் வேறு யாரிடமும் கேட்க முடியாது, நேரில் வந்துதான் ஆக வேண்டும். சிறையில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசலாமாம். அந்தக் காரணத்தை மட்டும் விட்டுவிட்டு எழுதுவீர்களா, ஜலஜா?