வாட்டர் ஹீட்டருக்கு ஏலத்தாள்

நம்மவர்களுக்குக் கூச்சல் போடாமல் ஏலம் எடுக்கத் தெரியாது. கோயிலில் ஓர் எலுமிச்சம்பழத்தை ஏலம் விட்டாலும் தெருமுனை வரை கேட்கும். அதனால்தான் பத்தாங் காலி தோட்டத் தமிழ்ப்பள்ளியின் கூரை நிதிக்குப் பேசாத ஏலம் வைக்கலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நான் சொன்னேன். மேசையில் பொருள்கள் இருக்கும். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு தாள். வேண்டியவர் பெயரையும் தொகையையும் எழுதலாம். அடுத்தவர் அதன் கீழே கூட்டி எழுதலாம். மணி ஒன்றானதும் கடைசியாக இருக்கும் பெயருக்குப் பொருள்.

என் பெயர் கனகலிங்கம். சங்கச் செயலாளர். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டு மின் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அப்பா இந்த ரப்பர்த் தோட்டத்தில் கிராணி, கணக்கெழுதுபவர். சங்கத் தலைவர் தங்கராஜுவின் அப்பா அவருக்குக் கீழே பால்மரம் வெட்டியவர். இதை நான் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. தங்கராஜுதான் மறக்கவில்லை. லோரி ஓட்டி, பிறகு ஆறு லோரிக்கு முதலாளியான மனிதர். என் யோசனையைக் கேட்டதும் கூட்டத்தில் சிரித்தார்.

"கிராணி வூட்டுப் பிள்ளைக்கு எழுதுற வேலைன்னா உசுரு. தாள நீங்க பாத்துக்குங்க சார், காரியத்த நாங்க பாத்துக்கிறோம் லா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். நான்கு ஆண்டுக்கு முன் என் மனைவி சிவகௌரி இறந்தபோது முதலில் வந்தவர் அவர்தான். இருந்ததிலேயே பெரிய மாலை அவருடையது. என் தோளைத் தட்டி, "எனக்கெல்லாம் மோகனா இல்லாட்டி ஒரு நாள் ஓடாது சார்" என்றார். ஆறுதல் சொல்வதாக அவருக்கு நினைப்பு. அன்றிரவு முழுக்க அந்த வார்த்தை என் காதில் இருந்தது. மறுநாளும் இருந்தது.

ஏல மேசையில் இரண்டு மூட்டை செகிஞ்சான் அரிசி, ஒரு பட்டுப்புடவை, ஒரு சைக்கிள், ஒரு வாட்டர் ஹீட்டர் இருந்தன. ஹீட்டர் என்னுடையது. இருமுறை எனக்கே ஷாக் அடித்ததால் கழற்றி வைத்திருந்தேன். மூடியைத் துடைத்துப் பளபளப்பாக்கி, பத்திரமாக வைத்திருந்த பழைய பெட்டியில் போட்டேன். கொடுத்தவர் பெயர் சொல்ல விரும்பாதவர் என்று எழுதினேன். பொருத்தித் தருவது இலவசம், கனகலிங்கம் என்றும் எழுதினேன்.

தாளில் முதலில் நூறு வெள்ளி என்று என் பெயரைப் போட்டேன். கிராணி மகன் பெயர் கடைசியாக நிற்பதைத் தங்கராஜு பார்த்துக்கொண்டு போக மாட்டார். வந்தார், எழுதினார். நான் மறுபடி எழுதினேன். அவர் மறுபடி எழுதினார். கடையில் புதிது இருநூற்றைம்பதுக்குக் கிடைக்கும். நானூற்றிருபதுக்கு அவர் எழுதியபோது பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"என்ன சார், அவ்வளவுதானா?" என்றார். மண்டபம் கைதட்டியது.

ஒன்பது நாள் கழித்துத் தங்கராஜு வீட்டில் சாவு. பள்ளி சபைகூடலில் ஒரு நிமிட மௌனத்துக்கு நான்தான் முன்மொழிந்தேன். பிள்ளைகள் அசையாமல் நின்றார்கள். கூரை வேலையும் முடிந்துவிட்டது, இப்போது ஒழுகுவதில்லை.

தங்கராஜுவுக்கு ஒரு சின்ன உதறல் கொடுக்கத்தான் நினைத்தேன், அதற்கு மேல் எதுவும் மனத்தில் இல்லை என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன், இன்ஸ்பெக்டர். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். நானும் அதை நம்பித்தான் சொன்னேன். இப்போது மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு காலை பொருத்தப் போனேன். மின்கசிவு வந்தால் தானாக அணைக்க வேண்டிய கருவி அவர்கள் வீட்டில் வேலை செய்யவில்லை. பார்த்தேன், சொல்லவில்லை. எர்த் வயரை எதிலும் இணைக்காமல் சுவருக்குள் வெறுமனே செருகினேன். தங்கராஜு குளியலறை வாசலில் நின்று, தான் லோரிக் காலத்திலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதையும் மேலே ஊற்றியதில்லை என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து மோகனா தேநீர் கொண்டுவந்தார்.

"கொஞ்சம் கீழ போடுங்கண்ணே. முட்டி வலிக்குச் சுடுதண்ணி வேணும்னு நான்தான் கேட்டேன், எனக்குக் கை எட்டணும்."

சுவரோரம் நிற்கச் சொல்லி, அவர் கை எட்டுமிடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அங்கே துளையிட்டேன்.