கூட ஒரு கரண்டி

அருவங்காட்டில் பஸ் ஏறிய இரண்டு சத்துணவு சமையலர்கள் என் பின் இருக்கையில் அமர்ந்தார்கள். நான் கனமான புத்தகம் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒட்டுக்கேட்டேன்.

"ஜப்பான்ல பிள்ளைங்களே பரிமாறுவாங்களாம்க்கா. ஹெச்.எம். எங்கரண்டியை வாங்கி அஞ்சாப்புப் புள்ளைகிட்டக் குடுத்துட்டாருங்க," என்றார் இளையவர்.

"ஊட்டுல சரியாச் சாப்பாடில்லாத ரெண்டு பேருக்கு நீ கூட ஒரு கரண்டி போடுவியே, அது போச்சா?"

"அதேதானுங்க எனக்கும் பயம். ஓரமா நின்னு பார்த்தேன். அந்தப் புள்ள சரியா அந்த ரெண்டு தட்டுல மட்டும் கூட ஒரு கரண்டி போட்டுச்சு."

"யாரு சொல்லிக் குடுத்தாங்களாம்?"

"கேட்டேனுங்க. நீங்க போடறதைத் தெனமும் பார்க்கறேனே ஆயான்னுச்சு."

"ஹெச்.எம்.கிட்டச் சொன்னியா?"

"எதுக்குங்க்கா? அவரு ஜப்பான்னே நெனச்சுக்கட்டும்."