திறக்காத கடல் மேப்பு

“அந்தக் கடல் மேப்பு திறக்காமலே கிடக்கட்டும் தம்பி” என்றாள், விருதுநகரில் தூத்துக்குடி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண். மடியில் புதுத் தொப்பி போட்ட கைக்குழந்தை. அவள் பேசியது பக்கத்தில் இருந்த கணவனின் தம்பியிடம்.

“மேப்பு சிடி புதுசு, அண்ணன் வேலை பாக்குற கப்பல்ல சாப்ட்வேர் பழசு மதினி. எங்க சிவகாசி பிரஸ்லயும் புது பைலைப் பழைய கம்ப்யூட்டர் திறக்காது. மேப்பு தெரியாம கப்பலை எடுக்க மாட்டாக.”

“அதனாலதான கப்பல் ரெண்டு நாளா துறைமுகத்துல நிக்கு. இவ பிறந்து ஏழு மாசமாச்சு, இன்னும் இவ முகத்தை அவுக பாக்கல. துறைமுக கேட்டு வரைக்குமாவது அவுகள வர விடுவாகல்ல?”

சாத்தூரில் அவனுடைய செல்போன் அடித்தது. கேட்டுவிட்டு வைத்தான்.

“திறந்துருச்சாம் மதினி. பத்து மணிக்குக் கப்பல் கிளம்புதாம்.”

அப்போது மணி ஒன்பது. தூத்துக்குடிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

“யாரு திறந்தது?”

“அண்ணன்தான். ராத்திரி பூராம் உக்காந்து சரி பண்ணிருக்காக. கேப்டன் கை குடுத்தாராம்.”

“நாம வர்றது அவுகளுக்குத் தெரியுமா?”

“நேத்தே சொல்லிட்டேன்.”

“கெட்டிக்காரகதான்” என்று சொல்லிவிட்டு, அவள் குழந்தையின் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.